சத்தப் பையில் விழுந்த கார்டு

அரிசி களைந்துகொண்டிருந்தபோதுதான் செல்வி டீச்சரின் வீட்டுக்காரர் போன் செய்தார். "ஆயாம்மா, செல்வி போயிட்டா" என்றார். உள்ளே பிள்ளைகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். களைந்த அரிசியை உலையில் போட்டேன். பிள்ளைகளுக்குச் சோறு ஆக வேண்டுமே. போட்ட பிறகுதான் அழுதேன்.

சேரப்பணஞ்சேரி அங்கன்வாடியில் நான் சமைக்கிற ஆயா. ஐந்தாவது வரைதான் படித்தேன். சென்டரில் டீச்சர் படத்தைத் திறந்து வைக்கிற அன்றைக்குப் படிக்க நாலு வார்த்தை எழுதிக் கொடு என்றார்கள். எனக்கு எழுத வராது என்று முதலில் சொல்லிவிட்டேன். பிறகு யோசித்தேன். அவர் மேல் ஒரு பழி இன்னும் நம் லைன் வீடுகளில் கிடக்கிறது. உண்மையை அவரோடு எரியவிட்டு நான் சும்மா இருந்தால் அது ஞாயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவர் பாடம் நடத்தியதைப் பார்க்க நேரம் இருந்திருக்காது. ஷிப்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் நீங்கள். நான் அடுப்படியிலிருந்து தினமும் பார்த்தேன். சுவரில் எழுத்துச் சார்ட் தொங்கியது. அதில் ஈட்டி இருந்தது, ஏர் இருந்தது. நம் பிள்ளைகள் எதைப் பார்த்தார்கள்? கம்பெனி பஸ்ஸைப் பார்த்தார்கள், ஹெல்மெட்டைப் பார்த்தார்கள். டீச்சர் அந்தச் சார்ட் பக்கமே திரும்ப மாட்டார். ஒரு பொருளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "த... த... த..." என்பார். அவ்வளவுதான். பிள்ளைகள் "தட்டு!", "தக்காளி!", "தண்ணி!" என்று கத்துவார்கள். "எப்பதான் எழுதச் சொல்லித் தருவீங்க டீச்சர், அம்மாங்க என்னைக் கேக்கறாங்க" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எழுத்து எங்கயும் ஓடிப் போவாது ஆயாம்மா. முதல்ல காது தொறக்கட்டும்" என்றார்.

கை கழுவக் கூப்பிடுவதும் அப்படித்தான். பெயரைச் சொல்ல மாட்டார். முதல் சத்தத்தை மட்டும் சொல்வார். அந்தச் சத்தத்தில் பெயர் தொடங்குகிற பிள்ளை எழுந்து வர வேண்டும். ஒரு முட்டை நாளில், "இன்னைக்கு 'மு'ல பேரு ஆரம்பிக்கிறவங்களுக்குத்தான் முதல் முட்டை" என்றார். முனீஸ் எழுந்தான். பின்னாலேயே நாலு வயசு தர்ஷினியும் எழுந்து வந்து தட்டை நீட்டினாள்.

"உன் பேரு இன்னாடி?"

"முதர்ஷினி, டீச்சர்."

டீச்சர் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆயாம்மா, இவளுக்குக் குடு முதல் முட்டைய. இவளுக்குக் காது தொறந்துடுச்சு, பாத்தியா!" என்றார். வீட்டில் அன்றைக்கு எல்லோரிடமும் அதையே சொன்னாராம்.

அந்தத் தர்ஷினியின் அம்மா பேச்சி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் காண்டிராக்டில் வேலை பார்க்கிறவள். பேச்சியைப் பற்றித்தான் இனிமேல் சொல்ல வேண்டும்.

டீச்சரிடம் ஒரு மஞ்சள் பை இருந்தது. சத்தப் பை என்று பெயர் வைத்திருந்தார். அன்றன்றைய சத்தத்துக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டு வருவார்கள். வாசலில் வாங்கிப் பையில் போடுவது என் வேலை. அதற்கு ஒரே ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். "கூட வந்தவங்களக் கேக்காம எதையும் வாங்காத ஆயாம்மா. வூட்டுல அது வேணுமா வேணாமான்னு பிள்ளைக்குத் தெரியாது."

அன்றைக்கு 'கா' சத்தம். ஒருத்தி காப்பித்தூள் டப்பா கொண்டு வந்தாள். ஒருவன் காலுறை கொண்டு வந்தான். தர்ஷினி கழுத்தில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு வந்தாள். கார்டு, 'கா'. சரிதானே? பக்கத்து ரூம் பெண் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அதற்குள் உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் கார்டை வாங்கிப் பையில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். பையில் ஏற்கெனவே ஐந்தாறு பழைய கார்டுகள் கிடந்தன. கம்பெனி மாறினால் பழைய கார்டு பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் என்பது நம் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். இதுவும் பழசு என்று நினைத்தேன். எழுதியிருந்தது எல்லாம் இங்கிலீஷ். எனக்கு எது புதுசு, எது பழசு?

சாயந்திரம் சென்டரைப் பூட்டுகிற நேரத்தில் பேச்சி வந்தாள். கம்பெனி கேட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். மத்தியான ஷிப்டுக்குப் போனவளைக் கார்டு இல்லை என்று உள்ளே விடவில்லையாம். சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டானாம். பிள்ளை கார்டை மாட்டிக்கொண்டு இங்கே வந்ததைப் பக்கத்து ரூம் பெண் போனில் சொல்லியிருக்கிறாள்.

"என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீக! பிள்ளையப் படிக்க விட்டா, எம் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீகளே!"

நான் கையில் துடைப்பத்தோடு நின்றேன். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. அடுத்த நொடி பேச்சியிடம் திரும்பி, "நான்தான் கேக்காம பையில போட்டேன் பேச்சி. தப்பு என்னுது" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பேச்சியை ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கம்பெனி கேட்டுக்குப் போனார். வெயிலில் மத்தியானம் வரை நின்றார்களாம். சூப்பர்வைசர் வந்ததும், "இந்தப் பொண்ணு தொலைக்கல சார், நான் எடுத்து வெச்சுக்கினேன்" என்று சொல்லி, அதை எழுதியும் கொடுத்தார். மூன்று நாள் கழித்துப் பேச்சியை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பேச்சிக்கு வேலை திரும்ப வந்தது. டீச்சருக்குப் பெயர் திரும்ப வரவில்லை. "அந்த டீச்சர்கிட்ட விட்டா கார்டு போயிடும்" என்று லைன் வீடுகளில் பேசினார்கள். நாலு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஏன் வருகை குறைந்தது என்று மேலே இருந்து கேட்டார்கள். டீச்சர் மஞ்சள் பையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தார். "இனிமே உன் அடுப்படிதான் ஆயாம்மா என் பை" என்றார். அதற்குப் பிறகு உப்பு, புளி, கரண்டி என்று என்னிடம்தான் வாங்கிப் போவார். ஒவ்வொரு தடவை கை நீட்டும்போதும் நான் அவர் முகத்தைப் பார்க்காமல்தான் எடுத்துக் கொடுப்பேன். அவர் ஒரு நாள்கூடக் குத்திக் காட்டியதில்லை.

அவர் நோயில் படுத்தபோது பார்க்கப் போனேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் டீச்சர்" என்றேன். மெலிந்த கையை ஆட்டினார்.

"சும்மா இரு. சொன்னா உன்னைத்தான் வேலைய விட்டு எடுப்பாங்க. பாதிப் பசங்க உன் சாம்பாருக்குத்தான் வருதுங்க, என் சத்தத்துக்கா வருது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகப் போனது. முப்பத்தெட்டு வயசு. எனக்கு மகள் மாதிரி. இந்த ஒரு சொல்லில் மட்டும் நான் அவர் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

பேச்சி, நீயும் வந்திருப்பாய். கேட்டுக்கொள். உன் கார்டைப் பையில் போட்டது டீச்சர் இல்லை. நான். கேட்காமல் வாங்கினது நான். நீ அவரைத் திட்டியபோது துடைப்பத்தோடு நின்றவளும் நான்தான். திட்ட வேண்டும் என்றால் இப்போது என்னைத் திட்டு. பிள்ளைகளை நிறுத்தின அம்மாக்களும் தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் விட்டதால் எதுவும் போகவில்லை.

புது டீச்சர் இன்னும் வரவில்லை. மஞ்சள் பையை அலமாரியிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயவைத்திருக்கிறேன். எழுத்து சொல்லித்தர எனக்குத் தெரியாது. "த... த..." என்று சொல்லத் தெரியும். தினமும் கேட்டதுதானே. புது டீச்சர் வருகிற வரைக்கும் அதை மட்டும் செய்கிறேன். காலையில் பையோடு வாசலில் நிற்பேன். பிள்ளை எதைக் கொண்டு வந்தாலும், கூட வந்தவர்களைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன்.

உலை பொங்கினால் பொங்கட்டும்.