நெவ் ட்ரெலோர் நடந்த மூன்று மைல்

இடுப்பு வலிக்காரன் காலையில் நடந்து போவதைப் பார்த்தால் உங்கள் மனத்தில் முதலில் எழும் சொல் என்ன? பொய்க்காரன் என்பதுதானே? எங்களுக்கும் அதுதான் எழுந்தது.

நெவ் ட்ரெலோர், ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றோரக் கொட்டகைகளில் இருபத்தாறு வருடம் என்னோடு செம்மறி ஆட்டு ரோமம் கத்தரித்தவன். ஆட்டை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்தே நிற்கும் வேலை. நாற்பத்து மூன்றாம் வயதில் அவனால் நிமிர முடியவில்லை. ஒரு வருடமாகியும் வலி போகவில்லை. மாத்திரை வயிற்றைத்தான் கெடுத்தது. கத்தி வைக்க அங்கே ஒன்றுமில்லை என்றார்கள் டாக்டர்கள்.

பிசியோதெரபிஸ்ட் மரியன், வெந்நீர் ஒத்தடமும் தரையில் செய்யும் பயிற்சியும் கொடுத்தாள். தினமும் நடக்கச் சொன்னாள். "வலிக்கும் நெவ். வலிச்சா உள்ள ஒடையுதுன்னு அர்த்தமில்ல. படுத்தே கெடந்தாதான் கெட்டுப்போகும்."

வேலித் தூண்களை எண்ணி நடந்தான். முதல் வாரம் பத்துத் தூண். ஐந்தாம் மாதம் ஆற்றுப் பாலம் வரை, போகவர மூன்று மைல். "நேத்து அவரே குனிஞ்சு பூட்ஸ் மாட்டினாருப்பா" என்று அவன் மனைவி ஜாய்ஸ் என்னிடம் சொல்லி அழுதாள்.

கொட்டகைக்காரர்களான எங்களுக்கு ஒரே சட்டம்தான்: முதுகு போனவன் படுக்கணும், நடக்கிறவன் வேலைக்கு வரணும்.

"என்னடா நெவ், வாக்கிங்கா? ஆடுங்க உன்னத் தேடுதுடா!"

"கூட வாங்கடா, பீர் தொந்தியாவது கரையும்."

வேலையில் முதுகு போனதற்காக நெவ்வுக்கு உதவித்தொகை கொடுத்துவந்த காப்பீட்டு நிறுவனத்து ஆள் ஒருவன் வந்து விசாரித்தான். பதில் சொன்னது நான்தான். "நடக்கிறானாவா? தெனம் மூணு மைல், சிரிச்சுக்கிட்டே போறான்."

நான் சொன்னதில் பொய்யில்லை. அதை வைத்தே அவன் உதவித்தொகையை நிறுத்தினார்கள். நடப்பதுதான் சிகிச்சை என்று மரியன் அவர்களுக்கு எழுதிய கடிதத்தை யாரும் படிக்கவில்லை. குணமாக முயன்றதையே குற்றமாக்கிய அந்த மேசைக்காரர்கள், ஒரே ஒரு நாள் ஓர் ஆட்டையாவது இழுத்திருப்பார்களா?

மேல்முறையீடு ஏழு மாதம் இழுத்தது. நெவ் வெளியே வரவேயில்லை. மரியன் வீடு தேடி வந்து கெஞ்சினாள். திரைச்சீலையை இழுத்து மூடிப் படுத்திருந்தவன் சொன்னான்: "நடந்தா பொய்யன்ங்கிறாங்க, மரியன். படுத்தாத்தான் நம்புறாங்க."

நம்பினார்கள். தீர்ப்பு நாளில் ஜாய்ஸும் நானும் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனோம். ஜெயித்துத் திரும்பியவன் வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தான். நான்காம் தூணில் உட்கார்ந்துவிட்டான். "நான் படுத்திருந்தப்போ நீ ஒரு தடவகூட வந்து கூப்பிடலயேடா" என்றான். அதற்குப் பின் அவன் உயிரோடு இருந்த ஆறு வருடத்தில் பாலத்தைப் பார்க்கவேயில்லை.

உங்கள் தெருவிலும் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கேலி பேசாதீர்கள். நாளைக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடங்கள்.