நடக்கிற ஆப்பெல்லாம் ஆன்மிகம்

புதுப் போன் வாங்கினால் ஆப்கள் எல்லாம் தாமாகவே பிரிந்து பெட்டி பெட்டியாக உட்கார்ந்திருக்குமே, பணத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று என்று, அதை யார் பிரிக்கிறார்கள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? நான் யோசித்ததே இல்லை. பிரிப்பது இயந்திரம்தான். ஆனால் அந்த மாதிரி ஓர் இயந்திரத்துக்கு எது எந்தப் பெட்டி என்று சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. திருவண்ணாமலையில், போளூர் ரோட்டில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். இதை எழுதும்போதுகூட எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கணக்கில் பி.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி, பதினான்கு வருஷம் வீட்டில் இருந்த பிறகு கிடைத்த முதல் வேலை அது. வேலை கிடைத்த அன்று ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "வீட்ல நான் உன் பேச்ச கேக்கிறது பத்தலன்னு இனிமே ஊர்ல இருக்கிற போனெல்லாம் கேக்கணுமா" என்றார். கிண்டல்தான். ஆனால் அன்று மாலையே எனக்கு ஒரு புது டிபன் பாக்ஸ் வாங்கி வந்துவிட்டார்.

வேலை இதுதான். திரையில் ஓர் ஆப்பைப் பற்றி நாலு வரி தமிழில் வரும். ஆப்பின் பெயர் இருக்காது, படம் இருக்காது. கீழே பெட்டிகள் இருக்கும்: பணம், படிப்பு, விளையாட்டு, பயணம், உடல்நலம், ஆன்மிகம், இன்னும் சில. படித்துவிட்டு எந்தப் பெட்டி என்று அழுத்த வேண்டும். நாங்கள் பன்னிரண்டு பேர். ஒவ்வோர் ஆப்பும் எங்களில் மூன்று பேருக்குத் தனித்தனியாகப் போகும். மூன்று பேரும் ஒரே பெட்டியைச் சொன்னால் வேலை முடிந்தது. ஒருவர் மட்டும் மாற்றிச் சொன்னால் அது என் திரைக்கு வரும். பன்னிரண்டு பேரில் வயதில் மூத்தவள், கணக்குப் படித்தவள் என்று என்னைத்தான் சரிபார்க்க வைத்திருந்தார்கள். நான் முடிவு செய்வேன். யார் சொன்னது தப்போ அவருக்கு ஒரு மார்க் குறையும்.

அடேயப்பா, முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்தான். குழம்பு கொதிக்கும்போதுகூட மனசு பெட்டி போட்டுக்கொண்டிருக்கும். ஜாதகம் பார்க்கிற ஆப் ஆன்மிகமா, பொழுதுபோக்கா? பஸ் எப்போது வரும் என்று சொல்கிற ஆப் பயணம், சரி. அதிலேயே டிக்கெட்டும் எடுக்கலாம் என்றால்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டு பேரும் இதைப் பற்றியே சண்டை போடுவோம். எனக்கு வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. சண்டையில் பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன்.

இரண்டாவது வாரம் கிரிவல ஆப் ஒன்று வந்தது. பாதையில் எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கிறீர்கள், அடுத்த லிங்கம் எவ்வளவு தூரம், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் சொல்லும் என்று போட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆன்மிகம். அடுத்ததாகவே இன்னொன்று வந்தது. "உங்கள் காலடிகளை எண்ணும். நடந்த தூரத்தைச் சொல்லும். தண்ணீர் குடிக்க நினைவூட்டும்." நான் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன்: "இதுவும் அதேதானே?" எல்லோரும் ஆமாம் என்றார்கள். யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. ஏன் என்றால் எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு மறுநாள் டீக்கடையில் போய் நின்று பாருங்கள். ஆளாளுக்குப் போனை நீட்டிக்கொண்டு, "உனக்கு எத்தினி அடி காட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். காலடி எண்ணும் ஆப் என்பது மலையைச் சுற்றுகிறவர்களின் ஆப். எங்களுக்கு அதில் கேள்வியே கிடையாது. நான் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன்: காலடி, நடை, கிலோமீட்டர் இருந்தால் ஆன்மிகம்.

ஏழாம் நம்பர் மட்டும் கையைத் தூக்கினாள். எங்கள் எல்லோருக்கும் நம்பர்தான், திரையில் பெயர் வராது. அவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டியில் போகும்போது வேன் இடித்து வலது தொடையில் பிளேட் வைத்திருந்தார்கள். மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள்.

"க்கா, இது உடம்புக்குக்கா" என்றாள். "டாக்டர் என்னை இத வெச்சிக்கினுதான் நடக்கச் சொன்னாரு. வீட்டுக்குள்ளயே இருநூறு அடி, அப்புறம் முந்நூறு அடின்னு."

"உடம்புக்கு நடக்கிறவங்க மைதானத்துல நாலு பேரு இருப்பாங்க. சாமிக்கு நடக்கிறவங்க ஊரு பூரா இருக்காங்க, போ" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. மறுநாள் என் திரைக்கு ஒரு நடை ஆப் வந்தது. இரண்டு பேர் ஆன்மிகம், ஏழாம் நம்பர் உடல்நலம். நான் ஆன்மிகம் என்று அழுத்தினேன். அவளுக்கு ஒரு மார்க் போனது. சாயங்காலம் இன்னொன்று. அடுத்த நாள் மூன்று. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பலகையில் இத்தனை பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், கண் தெரியவில்லையா? வேறு எந்த ஆப்பிலும் அவள் தப்புப் போடுவதில்லை. இதில் மட்டும் என்ன பிடிவாதம்? அழுத்தினேன், அழுத்தினேன், அவள் மார்க் இறங்கிக்கொண்டே போனது.

எங்களை மேற்பார்வை பார்த்த சார் நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் ஒரு நாற்காலியைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். யார் மார்க் அடியில் இருக்கிறதோ அவர் போக வேண்டும். எல்லோருக்கும் தெரியும், அது ஏழாம் நம்பர். முன்பு அவள் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள். அங்கே நாளெல்லாம் நிற்க வேண்டும். இனி நிற்க முடியாது. உட்கார்ந்து செய்கிற வேலை என்று அவளுக்கு வாய்த்தது இது ஒன்றுதான். ஒரு நாள் கை கழுவுகிற இடத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "மார்க் ஏறுமாக்கா?"

"எல்லாரும் போடுறத நீயும் போடு. தானா ஏறும்" என்றேன்.

"ம்" என்றாள். மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடி ஒரு நடை ஆப், மறுபடி உடல்நலம். என்னத்தைச் சொல்வது, போய்த் தொலை என்று விட்டுவிட்டேன்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. அன்று காலை இயந்திரம் முதல் தடவையாகத் தானே பிரித்துக் காட்டப் போகிறது. வேலை கொடுத்தவர் சென்னையிலிருந்து வீடியோவில் வருவார். அது முடிந்ததும் ஏழாம் நம்பரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவதாக சார் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு அது நெஞ்சில் ஒரு பக்கம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இயந்திரத்தைப் பார்க்கிற பரபரப்பில் அதை மறந்தே போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய திரையில் காலிப் பெட்டிகள் தெரிந்தன. நாங்கள் யாருமே இதுவரை பார்க்காத புது ஆப்கள் ஆயிரக்கணக்கில் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. சென்னைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார். முறத்தில் போட்ட உளுந்து மாதிரி எல்லாம் சரசரவென்று ஓட ஆரம்பித்தன. வங்கி ஆப்கள் பணத்துக்குப் போயின. சீட்டாட்டம் விளையாட்டுக்கு. வாய்ப்பாடு படிப்புக்கு. குலதெய்வக் கோயிலுக்கு வழி சொல்கிற ஆப் ஒரு கணம் பயணத்தின் ஓரம் போய்விட்டு, திரும்பி ஆன்மிகத்தில் விழுந்தது. அதைப் பார்த்து நாங்கள் கை தட்டினோம். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. நாங்கள் மாடியில் உட்கார்ந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டு, நாங்கள் சொல்லாததையும் அது செய்கிறது. பதினான்கு வருஷத்தில் நான் சமைத்தது, துவைத்தது எதற்கும் யாரும் கை தட்டியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சென்னைக்காரர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டினார். ஆன்மிகப் பெட்டிக்கு வந்தார். பஞ்சாங்கம், பக்திப் பாட்டு, கோயில் நேரம். அப்புறம் சர்க்கரை நோயாளிகளுக்கான நடைப்பயிற்சி. அப்புறம் மாரத்தான் ஓட்டத்துக்குப் பயிற்சி. அப்புறம் அவர் நிறுத்திவிட்டார்.

"மேடம், நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போற ஆப் எப்படி சாமி பெட்டிக்குள்ள வந்துச்சு?"

பின்னாலிருந்து மூன்றாம் நம்பர், "நாயும் கிரிவலம் வருது சார். நாங்களே பாத்திருக்கோம்" என்றாள். அவள் சத்தியமாகக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. சென்னைக்காரர் சிரிக்க ஆரம்பித்து, அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நாங்களும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பலகை என் எதிரே இருந்தது. அதில் இருந்தது என் கையெழுத்து.

"ஒரு ஊர்க்காரங்களே மூணு பேர் பாத்தா மூணு பேரும் ஒண்ணாதான் தப்பு பண்ணுவாங்க" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இது எங்க தப்பும்தான், நாங்க யோசிச்சிருக்கணும். நடை ஆப்ல யாராவது மாத்தி சொல்லியிருக்காங்களா? அந்த வரிசையை மட்டும் திறங்க, பார்ப்போம்."

திறக்க வேண்டியவள் நான்தான். வடிகட்டி எடுத்ததும் பெரிய திரையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வரிசையாக வந்து நின்றது. இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே நம்பர், ஏழு. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே பதில், உடல்நலம். வலது பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே திருத்தம், ஆன்மிகம். திருத்தியவர் என்று ஒவ்வொரு வரியிலும் என் நம்பர் இருந்தது.

"யாருங்க இந்த ஏழு?" என்றார் சென்னைக்காரர்.

சார் என்னைப் பார்த்தார். அவர் கையில் மார்க் பட்டியல் இருந்தது. எனக்கு வாய் ஜாஸ்தி என்று சொன்னேன் இல்லையா, அன்று அது வரவே மாட்டேன் என்றது. பிடித்து இழுத்துத்தான் பேசினேன்.

"அவங்க போட்டது அத்தனையும் சரி சார். மாத்தினது நான். பலகையில எழுதினதும் நான்தான். அவங்களுக்குக் கொறஞ்ச மார்க் எல்லாம் என் மார்க்குல கழிச்சிக்குங்க."

சார் பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மாதம் எந்த நாற்காலியும் குறையவில்லை. நடை ஆப்கள் அத்தனையையும் மறுபடி பார்த்தாக வேண்டும், அதற்குப் பன்னிரண்டு பேரும் வேண்டும் என்று அவர் மேலே எழுதிவிட்டார். ஏழாம் நம்பர் முடிவு சொல்ல வேண்டும், நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு.

மத்தியானம் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். பட்டுப்புடவை அப்போது எனக்கே அசிங்கமாக இருந்தது. வேலையை ஆரம்பித்தோம். அவள் வேகமாகப் படித்தாள், தயங்காமல் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இவ்ளோ தெளிவா தெரிஞ்சிருக்கு. என்கிட்ட ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா? மார்க் கொறையுதுன்னு தெரிஞ்சும் சும்மாவே இருந்தியே. வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"வாயத் தொறந்து ஒரு தடவ சொன்னேன்க்கா, சிரிச்சீங்க" என்றாள். "அப்புறம் நாப்பத்தோரு தடவ சொன்னேன். ஒவ்வொண்ணும் உங்ககிட்டதான் வந்துச்சு."



"அடுத்ததப் போடுங்கக்கா" என்றாள். போட்டேன்.