முரளியின் காரும் ஹெல்காவின் காதும்

தெற்கு ஜெர்மனியில் என் எதிர்வீட்டுக்காரர் போன வசந்தத்தில் புதுக் கார் வாங்கினார். பெயரைச் சொன்னாலே உலகம் நிமிர்ந்து பார்க்கிற கம்பெனியின் கார். வண்டி வந்த மறுநாள் காலை அதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, மாடல் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கோளாறு என்று நினைத்து, உதவி வேண்டுமா என்று கேட்டேன். ‘வேண்டாம், இப்போதுதான் சரியாகிக்கொண்டிருக்கிறது’ என்றார். இருப்பதிலேயே விலை உயர்ந்த மாடலை வாங்கியது பக்கத்துத் தெருவுக்குத் தெரியக்கூடாதாம். இங்கே வந்து ஒன்பது வருடமாகியும் இந்த அடக்கம் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் பழவேற்காட்டில் ஒரு ஷேர் ஆட்டோ வாங்கினாலே முன் கண்ணாடியில் குலதெய்வம், பின் கண்ணாடியில் பிள்ளைகள் பெயர் என்று எழுதி, இடம் போதாமல் பக்கவாட்டிலும் தொடர்வார்கள்.

எனக்குச் சோறு போடுவதும் கார்தான். இங்கே ஒரு பெரிய கம்பெனியில், ஓடும் காருக்குள் கேட்கும் சத்தங்களைக் கண்டுபிடிக்கிற பிரிவில் வேலை. கண்ணை மூடி உட்கார்ந்து எங்கே காற்று சீறுகிறது, எங்கே பிளாஸ்டிக் முனகுகிறது என்று சொல்ல வேண்டும். எங்கள் தலைவி ஹெல்கா. ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. கதவுக்குள் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் எங்கள் கருவிகளுக்கு முன் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். ஊரில் என் தம்பி முரளிக்கும் கார்த் தொழில்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்க் கதவைச் சுற்றி ஒட்டுகிற ரப்பர் பட்டை செய்யும் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர்.

அந்த முரளி போன வருடம் ஒரு செடான் வாங்கினான். பெரிய கம்பெனிகளோடு போட்டி போட வந்திருக்கும் புதிய கம்பெனியின் வண்டி. வீடியோ அழைப்பில் ஒவ்வொன்றாகக் காட்டினான். காற்று வரும் சீட், மேலே கண்ணாடிக் கூரை, நிறம் மாறும் விளக்கு. “அக்கா, உங்க கம்பெனி வண்டில கீற அல்லாமே இதுலயும் கீது. வெல பாதிகூட இல்ல. இன்னா சொல்ற?” என்றான். நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வேலையின் திமிர் விடவில்லை. “விளக்கெல்லாம் யார் வேணா போடலாம்டா. கதவைச் சாத்திக் காட்டு” என்றேன். சாத்தினான். போனில் கேட்ட சத்தத்தை வைத்தே, “தகர டப்பா மாதிரி கீது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கியது. பிறகு நாலு மாதம் மற்றதெல்லாம் பேசினான், காரைப் பற்றி மட்டும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

அந்தக் காரை அவன் யாருக்காக வாங்கினான் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. அப்பா ஏரியில் பிடித்து வரும் மீனை அம்மாதான் கூடையில் சுமந்து பொன்னேரி மார்க்கெட்டில் விற்பாள். பஸ்ஸில் அவளுக்கு சீட் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழுந்துவிடுவார். பின்படிக்கட்டுக்கு அருகில் கூடையைக் கால்களுக்கு நடுவே வைத்து நின்றபடியே போவாள். பள்ளிக்கு அதே பஸ்ஸில் போகும் நாங்கள் இருவரும் முன்பக்கம் நிற்போம். அவளே அப்படிச் சொல்லியிருந்தாள். எங்கள் அம்மா என்று அந்த பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. நாங்களும் சொன்னதில்லை. இத்தனை வருடம் நின்ற இடுப்பு இப்போது அவளைப் படுத்துகிறது. வாரம் இரண்டு நாள் பொன்னேரியில் அதற்குச் சிகிச்சை.

இந்த ஜனவரியில், கும்மிடிப்பூண்டியில் சீட் நுரை செய்யும் ஒரு தொழிற்சாலையைப் பார்வையிட ஹெல்காவோடு என்னை அனுப்பினார்கள். சென்னையில் எங்களுக்கென்று எங்கள் கம்பெனியின் கார் ஒன்றையே வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சத்தமில்லாமல், குலுங்காமல் போனோம். தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சர்வீஸ் ரோட்டில், எளாவூர் பக்கமிருந்து வந்த லாரிகள் தோண்டிவைத்திருந்த ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. மெலிந்த டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. அந்த மாதிரி வண்டிகளில் மாற்றுச் சக்கரமே வைப்பதில்லை. அதே அளவு டயர் சென்னையிலிருந்து வர வேண்டும், சாயங்காலம் ஆகும் என்றார் டிரைவர். ஹெல்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் முரளிக்கு போன் போட்டேன். அன்று அவனுக்கு வார விடுமுறை. அம்மாவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகக் கிளம்பியிருந்தான். “அங்கயே இரு, வந்துக்கினே கீறேன்” என்று மட்டும் சொன்னான்.

வந்தான். வெள்ளை செடான், அதே பள்ளத்தில் இறங்கி ஏறி எங்கள் பக்கத்தில் நின்றது. பின்சீட்டில் அம்மா. ஹெல்கா அவள் பக்கத்தில் ஏறிக்கொள்ள, நான் முன்னால் உட்கார்ந்தேன். தொழிற்சாலைக்காரர்கள் பதினொரு மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டதால், அம்மாவை முதலில் பொன்னேரியில் விட்டுவரலாம் என்று முடிவானது. நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் ஹெல்கா வழக்கம்போல் கண்களை மூடிக்கொண்டார். “பாவம், தூங்கறாங்க. பாட்ட நிறுத்துடா” என்றாள் அம்மா. முரளி பாட்டை நிறுத்தினான். ஹெல்கா தூங்கவில்லை, காரைக் கேட்கிறார் என்று நான் முன்பே சொல்லி அவனுக்குத் தெரியும். ஸ்டியரிங்கில் அவன் விரல்கள் இறுகுவதைப் பார்த்தேன்.

கவரைப்பேட்டை வரும்போது ஹெல்கா கண்ணைத் திறந்து, நிதானமாக ஜெர்மனில், “கார் நிஷ்ட் ஷ்லெக்ட்” என்றார். அம்மா சட்டென்று முன்னால் சாய்ந்தாள். “முரளி, கார நிறுத்து. நாஷ்டா கேக்கறாங்க. காலைலயே கெளம்பிக்கினு வந்தவங்க, பசிக்காதா?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்படியென்றால் ‘ஒன்றும் மோசமில்லை’ என்று அர்த்தம் என்று சொல்வதற்குள் முரளி ஒரு டிபன் கடை ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தான். “மோசமில்லன்னா? சுமாரா கீதுன்னு சொல்றாங்களா?” என்று கேட்டான். தெற்கு ஜெர்மனிக்காரர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது, என் ஒன்பது வருட வேலையில் எனக்கு இரண்டு தடவைதான் கிடைத்திருக்கிறது என்றேன். அவன் நம்பவில்லை. “மீதியும் கேளுக்கா. மறைக்காம சொல்லணும்.”

ஹெல்கா இறங்கி, கதவைத் திறந்து மூன்று முறை சாத்தினார். தொம், தொம், தொம். நேரில் கேட்டபோது அது தகர டப்பா இல்லை. பின்சக்கரத்துக்கு மேலிருந்து சாலைச் சத்தம் உள்ளே வருகிறது, சீட் நுரை மூன்று வருடத்தில் தொய்ந்துவிடும், ஸ்டியரிங் கைக்குச் செய்தி சொல்வதில்லை என்றார். ஒன்றையும் குறைக்காமல் தமிழில் சொன்னேன். ஆனால் கதவு ரப்பர் முதல் தரம், இந்தச் சாலைக்கு ஸ்ப்ரிங் வைத்தவர்கள் இந்தச் சாலையில் ஓட்டிப் பார்த்தவர்கள், நம்முடையதை இங்கே யாரும் ஓட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை என்றார். அதையும் சொன்னேன். முரளி ரப்பர் பட்டையில் விரலை ஓட்டியபடி, “இது எங்க லைன்ல ஓடுனதுக்கா” என்றான். “தெரியாம பேசிட்டேன்டா” என்றேன். “போன்ல கேட்டா அப்டித்தான் இருக்கும், வுடு” என்றான்.

அம்மா இறங்கியபோதுதான் ஹெல்கா கவனித்தார். அவள் இடத்தில் ஒரு துண்டு விரித்திருந்தது. எதற்கு என்று கேட்டார். மீன் வாடை சீட்டில் ஒட்டிவிடும் என்று பயம், நாங்கள் சொன்னாலும் கேட்பதில்லை என்றேன். ஹெல்கா அதைக் கேட்டு யோசித்தார். எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு சீட் துணியின் மேலும் காப்பி, உப்புத் தண்ணீர், எண்ணெய், வியர்வை எல்லாம் ஊற்றித் தேய்க்கிறோம், சீட் என்பது உட்காருவதற்குத்தான் என்று அவளிடம் சொல் என்றார். சொன்னேன். “அப்ப மீனு மட்டுந்தான் பாக்கியா?” என்றாள் அம்மா. மொழிபெயர்த்ததும் ஹெல்கா வாய்விட்டுச் சிரித்தார். வேலையிடத்தில் அவர் பல்லை நான் பார்த்ததில்லை. இட்லியும் வடகறியும் சாப்பிட்டுத் திரும்பியபோது அவரே துண்டை மடித்து அம்மா கையில் கொடுத்தார். அம்மா கொஞ்சம் தயங்கினாள். பிறகு முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தாள்.

ஹெல்கா கடைசியாக ஒன்று சொன்னார். பழைய கம்பெனியின் பெயருக்குக் கொடுக்கும் விலை பத்தாவது வருடத்துக்கானது. பத்து வருடம் கழித்தும் கதவு இப்படியே சாத்துமா என்பதில்தான் போட்டி இருக்கிறது. முரளி கண்ணாடியில் பின்னால் பார்த்து, “பத்தாவது வருசம் வரட்டும், பாத்துக்கலாம். மொத வருசமே எங்கம்மா சாஞ்சு உக்காந்துட்டாங்க” என்றான். இதை மொழிபெயர்க்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. நின்றுகொண்டே போன பஸ்ஸையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும். பஸ்ஸின் முன்பக்கம் நின்ற இரண்டு பேரையும் சேர்த்தே சொன்னேன். ஹெல்கா கையை நீட்டி, அம்மாவின் பக்கத்து ஏசி துளையைத் திருப்பி அவள் மேல் காற்று படும்படி வைத்தார்.

வேலை முடிந்து ஹெல்கா திரும்பிவிட்டார். நான் பத்து நாள் விடுப்பில் ஊரில் தங்கினேன். மறுநாளே முரளி சாவியை என்னிடம் நீட்டினான். “நீயே ஓட்டிப் பாத்துச் சொல்லு.” கடம்பத்தூரில் சித்தி வீடு, பொன்னேரி, மார்க்கெட் என்று தினமும் நான்தான் ஓட்டினேன். அம்மா ஒரு நாள் இரண்டு கிலோ இறாலை பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்தாள். சாலைச் சத்தம் ஹெல்கா சொன்ன இடத்திலிருந்துதான் வந்தது. முரளி அங்கே ஒட்ட ஏதோ ரப்பர் துண்டு தேடிக்கொண்டிருந்தான்.

ஜெர்மனி திரும்பிய முதல் திங்கட்கிழமை, பனி விழுந்துகொண்டிருந்தது. அவசரமாக வந்து, ஊரில் பத்து நாள் ஓட்டிய பழக்கத்தில் என் காரின் வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, கதவைச் சாத்தி, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டேன். கையை நீட்டினால் எதிரே ஸ்டியரிங் இல்லை. இங்கே அது இடப்பக்கம், ஆளில்லாத சீட்டுக்கு முன்னால் இருந்தது. சிரித்துவிட்டேன். உடனே இறங்கிச் சுற்றிப் போயிருக்கலாம். கண்ணாடியில் பனி மூடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன், யாரோ வந்து வண்டியை எடுப்பார்கள் என்பதுபோல.