இரண்டு வினாடி மிச்சம்

மியூசியம் கைடு வேலைக்கு இரண்டு தகுதி போதும்: நாள் முழுக்க நிற்கும் கால், தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லும் வாய். கால் எனக்குச் சுமார்தான். வாய், இருபத்தைந்து வருஷம் ஐ.டி. ஸ்டேட்டஸ் மீட்டிங்குகளில் பழகிய வாய். லே-ஆஃப் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இது புரியும்.

மறுபடியும் ஒரு வேலை

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் வேலை போனது. ஃப்ரீமான்ட் வீட்டில் ஆறு மாதம் ரெஸ்யூமே அனுப்பி அலுத்த பிறகு, கடலோரமாக இருக்கும் ஒரு சின்னக் கடற்படை மியூசியத்தில் பகுதி நேர கைடாகச் சேர்ந்தேன். துப்பாக்கி என்று நான் தொட்டது நாகர்கோவிலில் காலேஜ் என்.சி.சி.யில் மட்டும்தான். எனக்கு ஒதுக்கிய அறையோ முழுக்க முழுக்க ஒரே ஒரு பீரங்கி அதிகாரிக்கானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்க்கப்பலில் லெப்டினன்டாக இருந்தவர். மாலுமிகளை வேகமாகவும் குறி தப்பாமலும் சுடப் பழக்குவது அவர் வேலை. அவருடைய ஆட்கள் வேகத்தில் சாதனை படைத்தார்கள். பின்னாளில் அவர் அட்மிரல் ஆனார். மெடல், டெலஸ்கோப், ஸ்டாப் வாட்ச், கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் கையெழுத்தில் ஒரு நோட்டு. இவற்றைப் பற்றி நான் தினமும் ஆறு முறை பேச வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி ஸ்டெல்லா சொன்னாள்: "நல்லதுதான். வீட்ல எங்கிட்ட எக்ஸ்பிளெயின் பண்றதெல்லாம் அங்க போய்ப் பண்ணுங்க. அவங்க டிக்கெட் வாங்கிட்டாங்க, கேட்டுத்தான் ஆகணும்."

குனியாத மாப்பிள்ளை

அறை நடுவில் ஒரு மாதிரி பீரங்கி இருக்கிறது. அந்தக் காலத்துப் பீரங்கியில் ஒரு குண்டு வெடித்ததும் பின்கதவைத் திறப்பார்கள். உள்ளே நெருப்புத் துணுக்கு மிச்சம் இருந்தால், அடுத்த வெடிமருந்து மூட்டை கையிலேயே பற்றிக்கொள்ளும். அதனால் ஒருவர் குனிந்து குழாய்க்குள் பார்த்து, "சுத்தம்!" என்று கத்த வேண்டும். அந்தக் குரல் வந்த பிறகுதான் அடுத்த மூட்டை. இதை வந்தவர்களைக் கொண்டே செய்துகாட்டுவேன். நெருப்புக்குப் பதில் ஒரு சிவப்புப் பந்தைக் குழாய்க்குள் ஒளித்து வைத்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்காரத் தம்பதி வந்தார்கள். கணவர் ஏதோ கம்பெனியில் டைரக்டர். குழாய் பார்க்கும் வேலையை அவருக்குக் கொடுத்தேன். போனிலிருந்து தலையைத் தூக்காமலே "சுத்தம்!" என்றார். நான் பந்தை வெளியே எடுத்துக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை: "வீட்ல கேஸ் ஆஃப் பண்ணியாச்சான்னு கேட்டாலும் இதே கதைதான் அங்கிள். சோஃபால இருந்துக்கிட்டே பாத்தாச்சும்பாரு."

வருஷத்துக்கு ஒரு கேள்வி

லெப்டினன்டின் ஆட்கள் சாதனை படைத்த அடுத்த வருஷம், கப்பலில் அவர்களுடைய பீரங்கி அறையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. லெப்டினன்ட் குறியைக் கவனிக்க மேலே கப்பலின் கொடிமரத் தட்டில் டெலஸ்கோப்போடு நின்றதால் தப்பித்தார். குழாய் பார்க்கும் வேலையில் இருந்தவன் ஜார்ஜ், இருபது வயசு. அவன் பார்க்காமலே குரல் கொடுத்தான், அதனால்தான் விபத்து என்று விசாரணையில் முடிவு செய்தார்கள்.

மியூசியத்துக்கு ரூத் என்று ஒருவர் வருவார், அந்த ஜார்ஜின் தங்கைக்குப் பேத்தி. எழுபது வயது தாண்டியவர். வருஷத்துக்கு ஒருமுறை, சேக்ரமென்டோவிலிருந்து தனியாக டிரைவ் பண்ணிக்கொண்டு. அவனோடு செத்தவர்களில் இரண்டு பேர் அதே தெருப் பையன்களாம். ஜார்ஜின் அம்மா அவன் போட்டோவைக் கழற்றி வைத்துவிட்டு, சாகும்வரை சர்ச்சில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாளாம். "அது உண்மைதானா? அவன் பார்க்கவே இல்லையா?" என்று இந்தமுறை என்னைக் கேட்டார். அடுத்த குரூப் வாசலில் காத்திருந்தது. "உண்மைதான் மேடம், விசாரணையிலேயே சொல்லியிருக்கு" என்றேன். சுவரில் இருந்த போர்டைத் தவிர நான் எதையும் படித்ததில்லை. ரூத் தலையாட்டினார்: "சரி. ஒரு வருஷமாவது வேற பதில் வராதான்னுதான் கேக்கிறேன்."

பக்கம் திருப்பும் நாள்

வெளிச்சம் பட்டால் பழைய மை மங்கிவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டில் பக்கம் மாற்றுவோம். எப்போதும் சாதனையைப் பற்றிய அதே நாலு பக்கங்கள்தான். மற்றவற்றைப் படிக்க வேண்டுமென்றால் அட்மிரலின் குடும்பம் கொடுத்த டைப் அடித்த நகல் இருக்கிறது. மியூசியத்தில் எல்லோரும் படித்தது அதைத்தான். அப்படி மாற்றும் ஒரு நாள், பொருள்களைப் பராமரிக்கும் டெபி ஏதோ எடுக்க உள்ளே போன நேரத்தில், ஒட்டியிருந்த இரண்டு தாள்கள் பிரிந்து வேறு பக்கம் திறந்துகொண்டது. சாய்ந்த கையெழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"இன்று முதல் குழாய் பார்ப்பவன் குனிய வேண்டாம். கதவு திறந்ததும் குரல் கொடுத்தால் போதும். ஜார்ஜ் மறுத்தான். உத்தரவு என்றேன். இரண்டு வினாடி மிச்சம்."

அவசரமாகப் பின்னால் புரட்டினேன். விசாரணை நடந்த நாளில், காற்று எந்தத் திசையில் அடித்தது என்று மட்டும் எழுதியிருந்தார். நோட்டு அவரிடமேதான் இருந்தது. நினைத்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். சொல்லத் தைரியம் இல்லை, கிழிக்கவும் மனசு வரவில்லை. அதற்காக அவரை மன்னிப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதைவிட என்மேல்தான் கோபம் வந்தது. டெஸ்டிங் வேலையில், பார்க்காமலே 'வெரிஃபைட்' என்று டிக் அடித்த கை இது. ஒரு கிழவியின் முகத்துக்கு நேரேயும் அதையே செய்திருக்கிறேன்.

டெபி வந்து இரண்டு முறை படித்தாள். நகலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். அதில் இந்தப் பக்கமே இல்லை. "அட்மிரலோட குடும்பத்துக்கு என்ன பதில் சொல்றது?" என்றேன். அவள் நோட்டை அப்படியே வைத்துக் கண்ணாடியை மூடினாள்: "ஒரு தடவை திறந்த பக்கம் மூணு மாசம் திறந்துதான் இருக்கணும். ரூல் அப்படி."

கண்ணாடியில் விரல்

ரூத்துக்கு அன்றைக்கே போன் பண்ணினேன். மறுநாள் மியூசியம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். நாற்காலி போட்டுக் கொடுத்தேன், உட்காரவில்லை. "போன தடவை நீங்க கேட்டப்போ, நான் எதையும் படிக்காமலே பதில் சொன்னேன் மேடம். தப்பு என்னோடது" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. உதடு அசைய வரி வரியாகப் படித்தார். பிறகு கண்ணாடிமேல் விரலை வைத்தார். யார் கண்ணாடியைத் தொட்டாலும் கத்துகிறவன் நான். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. விரலை எடுக்காமலே சொன்னார்: "மாட்டேன்னு சொல்லியிருக்கான். அவன் அம்மா இது தெரியாமலே செத்துப்போனா."

யார் என்ன கேட்டாலும் "இருங்க, படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்று உள்ளே போய்விடுவதால், இந்த மியூசியத்திலேயே மகா மந்தமான கைடு என்று இப்போது எனக்குப் பெயர்.