சொல்லிக்கொள்ளாமல் போன நாகலெட்சுமி

சொல்லிக்கொள்ளாமல் போனாள் என்பது மெய்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து மாஸ்டரோடு ஓடிப்போய்ப் பத்து நாளில் திரும்பினாள் என்று தண்ணீர்ப் பீலியடியில் குடம் நிறைகிற வரைக்கும் பேசுகிறார்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மாஸ்டர் அந்தப் பத்து நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சிழுத்துக்கொண்டு கிடந்தார்.

பக்கத்து வீட்டு அழகம்மாவிடம் நேராகவே கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்க அக்கா" என்றாள்.

"எல்லாரும்னா யாருடி? நீயும் ஒன் கொடமுமா?"

நாகலெட்சுமி என் மருமகள். என் மகன் வீரய்யா லொறி கவிழ்ந்து செத்த பிறகு அவள் தாய்வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கொழுந்துக்கூடையை இறக்கிவிட்டு ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பழகினாள். அதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

படத்தில் குறை எடுப்பது அவள் வேலை. வெள்ளை கறுப்பாய்த் தெரிகிற நெகட்டிவில் வேண்டாத புள்ளியை பிளேடு முனையால் சுரண்டிவிடுவாள். என் இடது கண்ணில் பூ விழுந்து இருபது வருஷம். மகள் வழிப் பேத்திக்குப் பெயர் வைத்த அன்று எடுத்த படத்தில் எனக்கு இரண்டு கண்ணும் கறுப்பு.

"யாரு புள்ள இந்தக் கெழவி?" என்றேன்.

"நீங்கதான் அத்தை. சும்மா தூசி தட்டுனேன்."

அதே பிளேடுதான் வினையாகவும் வந்தது. எங்கள் தோட்டத்து மலை உச்சியில் மூடிக் கிடந்த துரை பங்களாவில், மாசி மாதம் பத்து நாள் வாய் திறக்காமல் தியானம் இருப்பார்கள். ஹட்டனில் கணக்குப் படிப்பித்த அந்த யாழ்ப்பாணத்து ஜெயரத்தினம் மாஸ்டரும் ஒரு வருஷம் இருந்தார். அங்கே கமரா ஆகாது. தியானம் நடத்துகிற சாமியிடம் கெஞ்சி ஒரே ஒரு ராத்திரிக்கு அனுமதி வாங்கி, வானத்தை ஒரே ஒரு படம் பிடித்தார். அதைக் கழுவக் கொடுத்தது இவள் வேலை செய்த ஸ்டூடியோவில். நெகட்டிவ் முழுக்கக் கரும்புள்ளி. அழுக்கு என்று நினைத்து, ஒரு பகல் முழுக்கக் குனிந்திருந்து ஒன்று விடாமல் சுரண்டிவிட்டாள். மாஸ்டருக்குக் கிடைத்தது சுத்தமான கறுப்பு அட்டை.

"அது ஊத்தை இல்லைப் பிள்ளை, வெள்ளியள்" என்றாராம், நட்சத்திரங்களை. இவள் அழவும், "அழாதையும். வானத்தில இருக்கிறதை நீர் சுரண்டேல்லைத்தானே" என்று சிரித்தாராம். திட்டியிருந்தால் இவளுக்கு ஆறியிருக்கும்.

அடுத்த மாசியில் மாஸ்டர் நெஞ்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தார். அவரிடம் கமராவையும் சாமிக்கு ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொண்டு இவள் அந்தப் பத்து நாள் தியானத்துக்குப் போனாள். மேலே ஏழு ராத்திரி மூட்டம். எட்டாவது ராத்திரி விலகியது. அரை நிமிஷம் கமராவைத் திறந்து வைக்க வேண்டும், கடிகாரமோ கிடையாது. தியானத்தில் பழகிய மூச்சையே எண்ணினாள். ஆறு மூச்சு. குளிரில் கமராக் கண்ணாடியில் ஆவி படியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். பிளேடு படாமல் கழுவிய அந்தப் படத்தை மாஸ்டர் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இன்னொன்று என் மகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எனக்கு ஒரு கண்தான். அதற்கே அத்தனை வெள்ளி தெரிகிறது. அந்த மாஸ்டர் நன்றாக இருக்க வேண்டும்.

இனி அவள் கிளம்பிய நாள். வாசலில் நின்றவள் நான். நான் சொல்வதுதான் நடந்தது.

முதல் நாள் நான்தான் சீண்டினேன். "ஒன் வாய்க்குப் பத்து நாளா? பத்து நிமிஷம் தாங்காது." ரோசக்காரி. விடிந்ததிலிருந்தே மௌன விரதம், ஒரு பேச்சில்லை. ரொட்டி போதுமா என்றால் தலையாட்டல். கமராவைப் பழைய சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்து, வீரய்யா படத்தைக் கும்பிட்டு வாசலைத் தாண்டினாள்.

"எங்க லெட்சுமி, விடியக்காலயிலயே?" என்று பீலியடியிலிருந்து அழகம்மா கேட்டாள். சிரிப்பு மட்டும்தான் பதில்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லாமல் யாரும் வாசல் தாண்டமாட்டார்கள். என் மகன் கடைசி நாள் அவசரத்தில் சொல்லாமல்தான் போனான். அவளுக்கும் தெரியும், படியில் நின்று திரும்பினாள். உதடு துடித்தது. எனக்காக வாயைத் திறந்துவிடுவாளோ என்று நான் முந்திக்கொண்டேன். அவள் சொல்ல வேண்டியதை நானே சொன்னேன்:

"போயிட்டு வர்றேன் அத்தை."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தாள்.