ஒன்பதாம் எண்ணுக்கு வந்த பதக்கம்

வால்மெர் கிராமத்துத் திராட்சை விவசாயி லசாருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு பகைவன்தான்: அடுத்த வீட்டு ஜெர்மேன். வேடிக்கை என்னவென்றால், ஜெர்மேன் அவனை உயிர்த் தோழன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பேரரசர் முடிசூடி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பீரங்கிகளோடு புழங்கிய ஒரு படைத்தலைவர் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டால் சும்மா இருப்பாரா? ஆண்டுக்கொரு போர். போருக்கு ஆள் வேண்டும். இருபது வயது ஆனவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். சின்ன எண் வந்தவன் பட்டாளத்துக்கு. பெரிய எண் வந்தவன் வீட்டுக்கு. லசாருக்கு ஒன்பது வந்தது. ஜெர்மேனுக்கு நூற்றுப் பதினொன்று.

ஒரே பெட்டியில் கைவிட்டவர்கள் தங்களுக்குள் எண்ணை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது. அன்று மாலையே லசாரின் அப்பா ஜெர்மேன் வீட்டுக் கதவைத் தட்டினார். கையகல நிலம்கூட இல்லாத வீடு அது. தெற்குச் சரிவில், நாள் முழுக்க வெயில் விழும் எட்டு வரிசைக் கொடிகளை ஜெர்மேனின் தாய் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். ஜெர்மேன் ஒன்பதைத் தொப்பியில் குத்திக்கொண்டான்.

"என்னடா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? சாகப்போறது நான்தானே?" என்று லசாரின் முதுகில் ஓங்கி அடித்துவிட்டுக் கிளம்பிப்போனான்.

ஜெர்மேன் செத்திருந்தால் லசார் மனமுருகி அழுதிருப்பான். ஆண்டு தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பான். அவன் சாகவில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிரியார் போர்ச் செய்தி வாசிப்பார். இந்த நகரம் விழுந்தது, அந்த அரசர் மண்டியிட்டார் என்று வாசித்துவிட்டு, கூடவே ஜெர்மேனின் கடிதத்தையும் பிரிப்பார். ஜெர்மேன் கார்ப்பொரல் ஆனான். ஜெர்மேன் சார்ஜென்ட் ஆனான். பேரரசர் ஒரு படி ஏறினால் இவனும் ஒரு படி ஏறினான். கடைசியில் பேரரசரின் முகம் பொறித்த வெள்ளிப் பதக்கம் வந்தது, வீரத்துக்குக் கொடுப்பது. சுற்றுவட்டாரத்தில் ஒருவருக்கும் கிடைக்காதது.

அன்று லசாருக்கு சூப் இறங்கவில்லை.

"அது என் சீட்டுடி. நான் போயிருந்தா அந்தப் பதக்கம் எனக்குத்தான் வந்திருக்கும்."

அவன் மனைவி பெரெத் அகப்பையைக் கீழே வைக்கவே இல்லை. "நீயா? கோழி அறுக்கச் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிற ஆளு. உனக்குக் குண்டுதான்யா வந்திருக்கும். பேசாமக் குடி."

ரஷ்யப் பனி படையை விழுங்கியபோது ஜெர்மேனின் கால்விரல்களில் இரண்டு அதோடு போயின. நொண்டிக்கொண்டு ஊர் திரும்பினான், நெஞ்சில் பதக்கம். மதுக்கடையில் உட்கார்ந்து அவன் கதை சொன்னால் கதவுவரை கூட்டம் நிற்கும். லசார் மூலையில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்பான். எந்த ஆற்றின் எந்தக் கரை, கேப்டன் பெயர் என்ன, கேப்டனின் குதிரை என்ன நிறம், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். போகிற வழியில் தெற்குச் சரிவின் எட்டு வரிசைகளைப் பார்ப்பான். என் நிலம், என் பதக்கம் என்று வயிறு எரியும்.

பேரரசரை இறக்கி ஒரு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி வந்த நாளில் லசார் இரண்டு கிளாஸ் கூடுதலாகக் குடித்தான். அந்த மகிழ்ச்சி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. மனிதர் தீவிலிருந்து தப்பி நெடுஞ்சாலை வழியாகவே தலைநகருக்குத் திரும்பினார். ஊரே சாலைக்கு ஓடியது. பதக்கத்தைக் கண்டதும் கூட்டம் விலகி ஜெர்மேனை முன்னால் விட்டது. லசார் எக்கி எக்கிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஜெர்மேனின் முதுகுதான்.

நூறு நாள் ஆட்டம். மறுபடி தோல்வி, இந்த முறை கடலுக்கு நடுவே, திரும்பவே முடியாத தூரத்துத் தீவு. பேரரசரின் இடத்தில் உட்கார்ந்த புது அரசரின் ஆட்கள் வந்தார்கள். பேரரசரின் முகம் பொறித்த எதை வைத்திருந்தாலும் சிறை என்று தண்டோரா போட்டார்கள்.

ஜெர்மேன் பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தான். "லசாரு, உன் வீட்டுல வச்சிக்கடா. என் வீட்டத்தான் மொதல்ல கொடைவானுங்க. உன்ன யாருடா சந்தேகப்படப் போறா?"

அந்தக் கடைசிப் பேச்சுதான் லசாருக்குச் சுருக்கென்று தைத்தது. வாங்கி வைத்துக்கொண்டான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. இடுப்பு வலி என்று சொல்லி பூசைக்குப் போகாமல் தங்கினான். திராட்சை பிழியும் கொட்டகைக்குள் போய், தண்ணீர்த் தொட்டிமேல் குனிந்து, பதக்கத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு பார்த்தான். முதுகு நிமிர்ந்தது. மீசையை முறுக்கினான். "சார்ஜென்ட் லசார்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

ஊர் கோயிலில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் காவலர்களும் சோதனைக்கு வந்திருந்தார்கள். கொட்டகைக் கதவு திறந்தது.

"அடடே!" என்றார் காவல் தலைவர். "யாருதுய்யா இது?"

ஜெர்மேனுடையது. ஒரே சொல். சொன்னால் ஜெர்மேன் சிறைக்குப் போவான், பெருமை ஒழியும், லசார் வீட்டில் நிம்மதியாக சூப் குடிக்கலாம். வாய் திறந்தது. ஆனால் 'அவனுடையது' என்ற சொல் மட்டும் அவன் நாக்கில் வர மறுத்தது. சீட்டை மாற்றிக்கொண்ட இந்த ஒன்பது ஆண்டுகளில் அதை ஒருமுறைகூட அவன் ஒப்புக்கொண்டதில்லை.

"என்னுது."

"உன்னுதா? எந்தச் சண்டையில குடுத்தாங்க?"

லசார் சொன்னான். ஆறு, கரை, கேப்டன், செம்பட்டைக் குதிரை, பனிக்கட்டி உடைந்த சத்தம் வரை சொன்னான். ஜெர்மேன்கூட இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. எழுதிக்கொண்டிருந்த காவலர் பேனாவை நிறுத்திவிட்டு வாய் பிளந்து கேட்டார். கடைசியில் காவல் தலைவரே தயங்கித் தயங்கித்தான், "சரிங்க சார்ஜென்ட், கெளம்புங்க" என்றார்.

அந்த ஒரு நிமிடம் லசாருக்கு வாழ்நாளுக்கே போதும் போலிருந்தது.

நான்கு மாதம் சிறை. பதக்கம் பறிபோனது. முதல் வாரமே பெரெத் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள்.

"ஊரே உன்னப் பத்தித்தான்யா பேசுது."

"என்னன்னு?" லசார் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஜெர்மேனக் காப்பாத்த அவன் குத்தத்த உன் தலையில போட்டுக்கிட்டியாமே! இப்பிடி ஒரு சினேகிதன் கெடைக்கணும்னா ஜெர்மேன் எப்பேர்ப்பட்ட மனுசனா இருக்கணும்னு பாதிரியார் பிரசங்கத்துலயே சொல்லிட்டாரு."

"அவனுக்காக இல்லடி! எனக்காகச் சொன்னேன்! என்னுதுன்னுதான் சொன்னேன்!"

"எனக்குத் தெரியும்யா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் பெரெத். "சத்தமாப் பேசாத. காவல்காரன் நிக்கிறான்."

மார்ச் கடைசியில் விடுதலை. கிளை வெட்டும் கவாத்துப் பருவம் முடிந்துவிட்டதே, கொடிகள் காடாகக் கிடக்குமே என்று பதறிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனான். ஒரு கொடி பாக்கியில்லாமல் கவாத்து முடிந்திருந்தது. நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு ஜெர்மேன் ஒருவனே பனியில் நின்று வெட்டியதாக மேட்டில் போகிறவர்கள் சொன்னார்கள். இரண்டு கணு விட்டு, சாய்வாக, நூல் பிடித்த மாதிரி வெட்டு. லசாரின் கையில் ஒருநாளும் வராத சுத்தம்.

கத்தியை உருவிக்கொண்டு முதல் வரிசையில் குனிந்தான். ஒரு தப்பு வெட்டாவது இருக்கும். இரண்டாவது வரிசையில் இல்லை. ஐந்தாவதிலும் இல்லை.

பெரெத் வரப்பில் வந்து நின்றாள். "ஏன்யா, வீட்டுக்குக்கூட வராம இங்க என்ன தேடுற? ஜெர்மேன் வேற நம்ம வீட்டுல காத்துக்கிட்டு உக்காந்திருக்கான். சூப்பு ஆறுது."

"அவனக் குடிச்சிட்டுப் போகச் சொல்லு," என்றான் லசார், தலை நிமிராமல். "இன்னும் பதினாலு வரிச பாக்கியிருக்கு."