சாவி போடாமல் சுற்றிய ஃபேன்

என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போன பிறகு அவருடைய பஸ் என் பொறுப்புக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பெண்கள் விடுதியிலிருந்து ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகிற பழைய பஸ். நானும் மகளும் சாப்பிடுவது அதை வைத்துத்தான். ஓட்டுவதற்குத் தென்காசிப் பக்கத்து டிரைவர் ஒருவரை வைத்தேன்.

டிரைவர் சீட்டுக்கு மேலே ஒரு சின்ன ஃபேன் உண்டு. என் வீட்டுக்காரர் முன்பு ஓட்டிய வேனில் இருந்தது. வேனை விற்றபோது ஃபேனை மட்டும் கழற்றி எடுத்துவந்து பஸ்ஸில் மாட்டினார். வேனுக்கு ஒரே பேட்டரி, பன்னிரண்டு வோல்ட். பஸ்ஸுக்கு இரண்டு பேட்டரி சேர்ந்து இருபத்து நாலு. அதை நேராகக் கொடுத்தால் ஃபேன் கருகிவிடும் என்று, இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துக்கொண்டார். சாவி போடாவிட்டாலும் ஓடும். புதுசு ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்டதற்கு, இது பழகின காற்று என்றார். அவ்வளவு பிடிவாதம்.

அவர் போன சில மாதங்களில் அது ஆரம்பித்தது. வீட்டை ஒட்டிய காலி மனையில்தான் பஸ் நிற்கும். விடியற்காலையில் திறக்கப் போனால், ஆளில்லாத சீட்டுக்கு மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். முதல் நாள் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அணைத்துவிட்டுத்தான் போனேன் என்று டிரைவர் சத்தியம் செய்தார். பொய் சொல்கிறவர் இல்லை. ஃபேன் சுற்றிய நாட்களிலெல்லாம் வண்டி கிளம்ப மறுத்தது.

எனக்குப் பயம் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. தன் சீட்டில் இன்னொருவரை உட்கார வைத்தது இவருக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். அமாவாசை தவறாமல் வண்டிக்குப் பூசை போட்டுப் பூசணிக்காய் உடைத்தவர். வருஷம் திரும்பும்வரை பூசை கூடாது என்று உறவுக்காரர்கள் சொன்னதால் நிறுத்தியிருந்தேன். அந்தக் குறையோ என்னவோ. படியேறி ஃபேனைப் பார்த்துத் திட்டுவேன்.

"போய்ச் சேர்ந்தப்புறமும் ஏன்யா என் உயிர வாங்குற? உன் பொண்ணு சாப்பிட வேணாமா?"

திட்டி முடித்தும் உடனே அணைக்க மனசு வராது. கொஞ்ச நேரம் அந்தக் காற்றில் நிற்பேன்.

விடுதி வாசலில் காத்துக் கிடந்த பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்து, லேட்டாகப் போய்ப் பேச்சு வாங்கினார்கள். தொழிற்சாலையில் வண்டிகளைக் கவனிக்கிற சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். இன்னும் ஒரு தடவை வரவில்லை என்றால் வேறு பஸ் போட்டுவிடுவோம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அன்றைக்கே ஒரகடம் கூட்டு ரோட்டில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். என் வீட்டுக்காரருக்குப் பழக்கமானவர். பேட்டரிகளை வெளியே இழுத்துப் பார்த்தார். ஒன்று செத்துக் கிடந்தது, மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றியிருந்தது. இரண்டிலும் காய்ந்த குங்குமம். உட்பக்கத்துப் பேட்டரிக்குக் கையே எட்டாதே, அதற்கு எப்படிப் பொட்டு வைத்தார் என்று யோசித்தவர் சிரித்துவிட்டார்.

"அண்ணன் மாசாமாசம் ரெண்டையும் இடம் மாத்தி வச்சிகினு இருந்துகீறாரு அக்கா. ஃபேன் ஒண்ணுத்தையே உறிஞ்சுதுல்ல? இந்த மாசம் இது, அடுத்த மாசம் அது. நீங்க மாத்தாம வுட்டீங்க, படுத்துட்ச்சி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அமாவாசைதோறும் நான் கற்பூரத் தட்டோடு கால் கடுக்க நிற்பேன். இவர் பேட்டரிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, இரு, இன்னும் ஏற்றாதே என்பார். பேட்டரியைக் குளிப்பாட்டுகிறாயா என்று கேலி செய்திருக்கிறேன். பூசையை நிறுத்தியபோது அதையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் புது ஜோடி பேட்டரி வைத்தார். பிறகு ஃபேனை அணைத்துவிட்டு இறங்கிக் கதவை ஓங்கிச் சாத்தினார். உள்ளே ஃபேன் தானாகச் சுற்றியது. சுவிட்ச் லூஸாகியிருந்தது, அவ்வளவுதான். டிரைவர் சில நாள் இப்படித்தான் சாத்திவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் கதவை ஒருநாளும் அடித்துச் சாத்தியதில்லை.

சுவிட்சை மாற்றி, இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுத்துப் பன்னிரண்டாக இறக்கித் தருகிற கன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்துவதாகச் சொன்னார். சாவி வழியாகக் கொடுத்துவிட்டால் சாவி போட்டால்தான் ஃபேன் ஓடும் என்றார்.

"சாவி வழியா வேணாமே" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. "திரும்ப வண்டி நின்னுடும் அக்கா" என்றார். மகளை நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் திட்டுவதற்கு வாயைத் தயார் செய்துகொண்டே கதவைத் திறந்தேன். ஃபேன் நின்றுபோயிருந்தது. டிரைவர் வந்து சாவி போட்டதும் வண்டி உடனே கிளம்பியது. ஃபேனும் சுற்றியது, டிரைவருக்காக. அவர் ஹாரன் அடித்துக்கொண்டு விடுதிப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் காலி மனையிலேயே உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. இனி நான் திட்ட ஆளில்லை.